விசிலோடு முடிந்த பாட்டு: ஓட்டிஸ் ரெட்டிங்கும் கூடப் போன பையன்களும்



முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். ‘டாக் ஆஃப் த பே’ பாட்டை ரொம்ப நாளாக நான் ஒரு ஜாலியான பாட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அலைச் சத்தம், கடற்பறவைச் சத்தம், மெதுவான கிடார். ஒரு ஆள் நிதானமாகப் பாடுகிறார், கடைசியில் விசிலடித்துக்கொண்டே போய்விடுகிறார். பரீட்சைக்கு முந்தின ராத்திரி கேட்டால் மனசு லேசாகிவிடும். ஹாஸ்டலில் என் விசில் பக்கத்து ரூம் வரைக்கும் பிரபலம் (பக்கத்து ரூம்காரர்கள் வேறு வார்த்தை சொல்வார்கள்!).

பிறகு ஒருநாள் அந்தப் பாட்டின் வரலாற்றைப் படித்தேன். பாடியவர் ஓட்டிஸ் ரெட்டிங். அந்தப் பாட்டுக்காகக் கடைசியாக ஸ்டுடியோவில் நின்ற மூன்றாம் நாள், 1967 டிசம்பர் 10 அன்று, அவர் போன விமானம் ஏரியில் விழுந்தது. அப்போது அவருக்கு வயது 26. பாட்டு வெளிவந்தது 1968 ஜனவரி 8. தன் வாழ்க்கையின் மிகப் பெரிய வெற்றிப் பாட்டை அவர் ரேடியோவில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த விசிலை என்னால் பழையபடி அடிக்க முடியவில்லை. அதே சமயம் ஒரு கேள்வியும் வந்தது. நான் பிறப்பதற்குப் பல வருஷங்கள் முன்பே, உலகத்தின் இன்னொரு மூலையில் இறந்துபோன ஒருவருக்காக நான் எதற்கு துக்கம் கொண்டாட வேண்டும்? அந்த வார்த்தையைப் பாருங்கள். கல்யாணத்தையும் கொண்டாடுகிறோம், துக்கத்தையும் கொண்டாடுகிறோம். தமிழில் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல்தான். ஓட்டிஸின் கதையைப் படித்தபோது, அவருடைய இசையிலும் அப்படித்தான் என்று புரிந்தது.

இன்னொன்றும் புரிந்தது. அந்த விமானத்தில் அவர் தனியாக இல்லை. அதற்குப் பிறகு வருவோம். முதலில் ஆரம்பத்திலிருந்து.

டிரைவராக வந்தவர்

ஓட்டிஸ் பிறந்தது 1941 செப்டம்பர் 9 அன்று, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டாசன் என்ற சிறிய ஊரில். சின்னக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் மேக்கன் நகரத்துக்குக் குடிவந்துவிட்டது. அப்பா வேலைக்கும் போவார், சர்ச்சில் பிரசங்கமும் செய்வார். பையன் சர்ச் பாடகர் குழுவில் பாடினான். அப்பாவுக்குக் காசநோய் வந்தபோது 15 வயதில் படிப்பை நிறுத்திவிட்டு கிணறு தோண்டும் வேலைக்கும், பெட்ரோல் பங்க் வேலைக்கும் போனான். மேக்கனில் டக்ளஸ் தியேட்டர் என்ற அரங்கில் நடந்த பாட்டுப் போட்டியில் தொடர்ந்து 15 வாரம் ஜெயித்தான் என்பது ஊரில் பிரபலமான கதை.

1962-இல் ஜானி ஜென்கின்ஸ் என்ற கிடார் கலைஞருக்கு மெம்ஃபிஸ் நகரத்தில் ரெக்கார்டிங் ஏற்பாடாகியிருந்தது. அவரைக் காரில் கூட்டிக்கொண்டு போனவர் ஓட்டிஸ். அதாவது டிரைவர் வேலை. ஜென்கின்ஸின் ரெக்கார்டிங் சரியாக அமையவில்லை. கொஞ்ச நேரம் மிச்சம் இருந்தது. இந்த டிரைவரும் பாடுவாராமே, ஒரு பாட்டு கேட்டுப் பார்க்கலாம் என்று மைக்கின் முன்னால் நிறுத்தினார்கள். அவர் பாடிய ‘தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்’ அந்த வருஷ அக்டோபரில் இசைத்தட்டாக வந்தது. அங்கிருந்து மரணம் வரை கணக்குப் போட்டால் ஐந்து வருஷம் கொஞ்சம். ஓட்டிஸ் ரெட்டிங்கின் மொத்த இசை வாழ்க்கையே அவ்வளவுதான். நம்மில் சிலர் டிகிரியும் அரியரும் முடிக்க எடுத்துக்கொள்ளும் காலம்!

அந்த ஸ்டுடியோவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் ஸ்டாக்ஸ். நடத்தியவர்கள் ஜிம் ஸ்டூவர்ட், எஸ்டெல் ஆக்ஸ்டன் என்ற அண்ணன்தங்கை மாதிரி தெரிந்தாலும் உண்மையில் தம்பியும் அக்காவும். இரண்டு பேரின் குடும்பப் பெயர்களிலிருந்து இரண்டு இரண்டு எழுத்தை எடுத்து ஒட்டினால் ஸ்டாக்ஸ். மெக்லெமோர் அவென்யூவில் ஒரு பழைய சினிமா தியேட்டரை வாடகைக்கு எடுத்து ஸ்டுடியோ ஆக்கினார்கள். சினிமா தியேட்டர் என்பதால் தரை சரிவாகவே இருந்தது. முன்பக்கம் தின்பண்டம் விற்ற இடத்தில் எஸ்டெல் இசைத்தட்டுக் கடை போட்டார். அக்கம்பக்கத்துப் பையன்கள் பாட்டுக் கேட்க வந்து, அப்படியே ஸ்டுடியோவுக்குள் நுழைந்து கலைஞர்களாக ஆனார்கள்.

வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவதே பிரச்சினையாக இருந்த ஊர் அது. அந்த ஊரில், ஸ்டாக்ஸின் நிரந்தர வாத்தியக்குழுவான புக்கர் டி அண்ட் த எம்.ஜி.ஸில் இரண்டு கறுப்பினத்தவர், இரண்டு வெள்ளையர். புக்கர் டி ஜோன்ஸ் ஆர்கன், அல் ஜாக்சன் டிரம்ஸ், ஸ்டீவ் க்ராப்பர் கிடார், டக் டன் பேஸ் கிடார். ஓட்டிஸின் பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கூட்டணிதான்.

ரசிகன் அழுத விதம்

சோல் இசை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் சுருக்கமான பதில் இது: சர்ச்சில் கடவுளை நோக்கிப் பாடிய அதே உருக்கத்தோடும் அதே ஆவேசத்தோடும் மனிதர்களை நோக்கிப் பாடுவது. சர்ச்சில் ஒருவர் ஒரு வரி பாடினால் கூட்டம் பதில் பாடும். ஓட்டிஸின் பாட்டுகளில் அந்தப் பதிலை டிரம்பெட்டும் சாக்ஸபோனும் சொல்கின்றன. அவருக்கு இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. ஒவ்வொரு வாத்தியக்காரர் பக்கமும் போய் நின்று, நீங்கள் வாசிக்க வேண்டியது இது என்று வாயாலேயே பாடிக் காட்டுவாராம்.

இந்த வழியில் அவருக்கு முன்னால் போனவர் சாம் குக். சோல் ஸ்டிரர்ஸ் என்ற பக்திப் பாடல் குழுவில் நட்சத்திரமாக இருந்து, பிறகு வெளியே வந்து காதல் பாட்டுகள் பாடி நாடு முழுக்கப் புகழ்பெற்றவர். ஓட்டிஸுக்கு அவர் ஆதர்சம். 1964 டிசம்பர் 11 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு மோட்டலில் சாம் குக் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 33.

ஓட்டிஸ் என்ன செய்தார்? 1965 ஜூலையில் ‘ஓட்டிஸ் ப்ளூ’ என்ற ஆல்பத்தை ஏறக்குறைய ஒரே நாளில், ஜூலை 9-க்கும் 10-க்கும் இடையில், பதிவு செய்தார்கள். வாத்தியக்காரர்கள் ராத்திரி கிளப்புகளில் வாசிக்க வேண்டியிருந்ததால் நடுவில் போய்விட்டு, நள்ளிரவு தாண்டித் திரும்பி வந்து மீதியை முடித்தார்கள். அந்த ஆல்பத்தின் 11 பாட்டுகளில் மூன்று, சாம் குக் பாடியவை. ‘ஷேக்’, ‘வொண்டர்ஃபுல் வேர்ல்ட்’, ‘எ சேஞ்ச் இஸ் கொன்னா கம்’.

கேட்டுப் பாருங்கள். சாம் குக்கின் குரல் எண்ணெய் போட்டு வாரிய தலை மாதிரி, ஒரு முடி கலையாது. ஓட்டிஸின் குரல் அப்படி இல்லை. கரகரப்பு, திக்கல், நடுவில் ஒரு விம்மல், திடீரென்று ஒரு உறுமல். அவர் சாம் குக்கைப் போலப் பாட முயலவே இல்லை. தன் குரலில், தன் வேகத்தில் பாடினார். ‘ஷேக்’ ஒரு நடனப் பாட்டு. இறந்துபோன ஆசானுக்காக அழுவதற்கு அதையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார் மனிதர்!

எனக்கு இங்கேதான் முதல் விடை கிடைத்தது. பிரியமான பாடகர் இறந்துபோனால் ரசிகன் செய்ய வேண்டியது என்ன என்பதை ஓட்டிஸே செய்து காட்டிவிட்டார். அவருடைய பாட்டை உன் குரலில் பாடு. சோகப் பாட்டை மட்டும் பாடாதே, ஆட்டப் பாட்டையும் பாடு. அமெரிக்கக் கறுப்பின மக்கள் மரணத்தை ‘வீடு திரும்புதல்’ என்று சொல்கிறார்கள். அவர்களுடைய இறுதிச் சடங்குகளில் அழுகையும் கைதட்டலும் ஒன்றாகவே நடக்கும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த பையன்தானே இவரும்.

1967

அந்த வருஷம் ஓட்டிஸுக்கு எல்லாமே நடந்தது. வசந்த காலத்தில் ஸ்டாக்ஸ் கலைஞர்கள் மொத்தமாக ஐரோப்பாவுக்குப் போனார்கள். ஜூன் மாதம் அவர் எழுதிப் பாடியிருந்த ‘ரெஸ்பெக்ட்’ பாட்டு அரீதா ஃப்ராங்க்ளின் குரலில் அமெரிக்காவின் முதல் இடத்துக்குப் போனது. ‘ஓட்டிஸ் ப்ளூ’ ஆல்பத்தில் வீட்டுக்கு வரும் ஆண் மரியாதை கேட்கிற பாட்டாக இருந்தது, அரீதாவிடம் போனதும் பெண் மரியாதை கேட்கிற பாட்டாக மாறிவிட்டது. ஒரு பெண் என் பாட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்று ஓட்டிஸ் மேடையில் சிரித்துக்கொண்டே புகார் செய்தார்.

அந்த மேடை, கலிஃபோர்னியாவில் மான்டெரே இசை விழா. ஜூன் 17 ராத்திரி. எதிரே உட்கார்ந்திருந்தது பெரும்பாலும் வெள்ளைக்கார இளைஞர் கூட்டம், ராக் இசை கேட்க வந்த ஹிப்பிகள். ஓட்டிஸ் பச்சை நிற சூட்டில் வந்து முதலில் ஆரம்பித்த பாட்டு எது தெரியுமா? ‘ஷேக்’. சாம் குக் இறந்து இரண்டரை வருஷம் கழித்தும் அவருடைய பாட்டில்தான் கதவைத் திறந்தார். கடைசியில் ‘ட்ரை எ லிட்டில் டெண்டர்னெஸ்’ பாடி முடித்தபோது கூட்டம் எழுந்து நின்றது. (பென்னபேக்கர் எடுத்த படத்தில் இதைப் பார்க்கலாம். தவறவிடாதீர்கள்.) அந்த வருஷம் இங்கிலாந்தின் ‘மெலடி மேக்கர்’ பத்திரிகை வாசகர் வாக்கெடுப்பில், பல வருஷமாக எல்விஸ் பிரெஸ்லி பிடித்து வைத்திருந்த சிறந்த ஆண் பாடகர் இடம் ஓட்டிஸுக்குப் போனது.

ஆகஸ்டில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிரே சாசலிட்டோ என்ற ஊரில் ஒரு படகு வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு புதுப் பாட்டை ஆரம்பித்தார். பிறகு தொண்டையில் அறுவை சிகிச்சை. வாரக்கணக்கில் பேசக்கூடாது, பாடக்கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். குரல் திரும்பி வந்ததும், பாடாமல் இருந்த நாட்களுக்கும் சேர்த்துப் பாடுவது மாதிரி நவம்பரிலும் டிசம்பர் முதல் வாரத்திலும் வரிசையாகப் பாட்டுகளைப் பதிவு செய்தார். படகு வீட்டில் ஆரம்பித்த பாட்டை ஸ்டீவ் க்ராப்பரோடு சேர்ந்து முடித்தார். அதுதான் ‘டாக் ஆஃப் த பே’. அவருடைய வழக்கமான உறுமல் எதுவும் அதில் இல்லை. ஸ்டாக்ஸில் சிலருக்குப் பிடிக்கவே இல்லை. இது நம்ம ஓட்டிஸ் மாதிரியே இல்லையே என்றார்கள். பாட்டின் முடிவில் பேச எதுவும் தயாராக இல்லாததால் விசிலடித்தார். அந்த விசில் அப்படியே தங்கிவிட்டது.

பார்-கேஸ்: நம் வயதுப் பையன்கள்

இப்போது நான் ஆரம்பத்தில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வருஷம் ஓட்டிஸ் தன்னுடைய சுற்றுப்பயணங்களுக்கு ஒரு புதிய வாத்தியக்குழுவைச் சேர்த்துக்கொண்டிருந்தார். பெயர் பார்-கேஸ். மெம்ஃபிஸ் பையன்கள். பெரும்பாலோர் பள்ளிக்கூடப் படிப்பை அப்போதுதான் முடித்தவர்கள். கிடார் ஜிம்மி கிங், சாக்ஸபோன் ஃபேலன் ஜோன்ஸ், ஆர்கன் ரானி கால்டுவெல், டிரம்ஸ் கார்ல் கன்னிங்ஹாம், டிரம்பெட் பென் காவ்லி, பேஸ் கிடார் ஜேம்ஸ் அலெக்சாண்டர். ஐந்து கறுப்பினப் பையன்கள், ஒரு வெள்ளைக்காரப் பையன் (கால்டுவெல்). கார்ல், ஸ்டுடியோவுக்கு அருகில் இருந்த ஒரு முடிதிருத்தும் கடையில் ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவன். ஸ்டாக்ஸுக்கு வந்து அல் ஜாக்சன் வாசிப்பதைப் பார்த்துப் பார்த்தே டிரம்ஸ் கற்றுக்கொண்டான்.

1967-இல் அவர்களுடைய ‘சோல் ஃபிங்கர்’ பெரிய ஹிட். அதில் குழந்தைகள் கூச்சல் போடுவது கேட்கும். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு கோக் வாங்கிக் கொடுத்துக் கத்தச் சொன்னார்களாம். கேட்டால் சிரிப்பு வராமல் இருக்காது. அவ்வளவு உற்சாகம்.

டிசம்பர் 9 அன்று கிளீவ்லாந்து நகரத்தில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஓட்டிஸும் பார்-கேஸும் பாடினார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரத்தில் நிகழ்ச்சி. ஓட்டிஸ் சமீபத்தில் வாங்கியிருந்த சொந்த விமானம், சிறிய இரட்டை எஞ்சின் பீச்கிராஃப்ட். அதில் எல்லோருக்கும் இடம் போதாது. முறை வைத்துக்கொண்டு யாராவது சாதாரணப் பயணிகள் விமானத்தில் வருவார்கள். அன்றைக்கு அந்த முறை ஜேம்ஸ் அலெக்சாண்டருக்கு வந்தது.

மேடிசனில் மழை, மூடுபனி. மாலை மூன்றரை மணி சுமாருக்கு, விமான நிலையத்துக்குச் சில மைல் தூரத்தில், மோனோனா ஏரியின் உறைகுளிர் நீரில் விமானம் விழுந்தது. என்ன காரணம் என்று விசாரணையில் கடைசிவரை தீர்மானிக்க முடியவில்லை. உள்ளே இருந்தவர்கள் எட்டுப் பேர். பிழைத்தது ஒருவர் மட்டும், பென் காவ்லி. தூங்கிக்கொண்டிருந்தவர் விழுவதற்குச் சற்று முன்புதான் விழித்திருக்கிறார். நீச்சல் தெரியாது. கையில் அகப்பட்ட இருக்கை மெத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்தார். நண்பர்கள் உதவி கேட்டுக் கத்துவது அவருக்குக் கேட்டது. அவரால் போக முடியவில்லை. ஒவ்வொரு குரலாக அடங்கியது.

இறந்தவர்கள்: ஓட்டிஸ் ரெட்டிங், ஜிம்மி கிங், ஃபேலன் ஜோன்ஸ், ரானி கால்டுவெல், கார்ல் கன்னிங்ஹாம், உதவியாளர் மாத்யூ கெல்லி, விமானி ரிச்சர்ட் ஃப்ரேசர். பார்-கேஸ் நால்வருக்கும் 18, 19 வயது. மாத்யூவுக்கு 17.

இந்த இடத்தைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் எழுதவில்லை. 18 வயது என்றால் நம்ம கிளாஸில் ஃபர்ஸ்ட் இயர் சேருகிற பையன்கள். பல கட்டுரைகளில் அவர்கள் ஒரே வரியில் வருகிறார்கள்: ‘ஓட்டிஸ் ரெட்டிங்கும் அவருடைய வாத்தியக்குழுவினரும்’. நானும் முதலில் அந்த வரியை அப்படியே தாண்டிப் போனவன்தான்.

ஊர் கூடி அழுதது

டிசம்பர் 18 அன்று மேக்கன் நகர அரங்கில் ஓட்டிஸின் இறுதிச் சடங்கு. 3000 பேர் உட்காரக்கூடிய இடத்துக்கு 4500 பேருக்கு மேல் வந்தார்கள். சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஜோ டெக்ஸ், சாலமன் பர்க், பெர்சி ஸ்லெட்ஜ், சாம் மூர் என்று சோல் இசையின் பெரிய பெயர்கள் இருந்தன. புக்கர் டி ஜோன்ஸ் ஆர்கன் வாசித்தார். அட்லாண்டிக் நிறுவனத்தின் ஜெரி வெக்ஸ்லர் இரங்கல் உரை சொன்னார். மேக்கனுக்கு வடக்கே ரவுண்ட் ஓக் என்ற ஊரில் அவர் ஆசையாக வாங்கியிருந்த பண்ணையில் அடக்கம் செய்தார்கள். மனைவி ஜெல்மாவும் சின்னக் குழந்தைகளும் மிஞ்சினார்கள். அதே நாட்களில் மெம்ஃபிஸில் பையன்களின் வீடுகளிலும் சாவு விழுந்திருந்தது. அங்கே பெரிய பெயர்கள் பற்றிய செய்தி அதிகம் இல்லை.

இதற்கிடையில் அட்லாண்டிக்கிலிருந்து ஓட்டிஸின் புதிய இசைத்தட்டு உடனே வேண்டும் என்று கேட்டார்கள். ஸ்டாக்ஸ் பாட்டுகளை விற்பனைக்குக் கொண்டுபோனது அவர்கள்தான். வியாபாரம். இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. நண்பன் போய்ச் சில நாள்தான் ஆகிறது, அவனுடைய குரலை ஸ்பீக்கரில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வேலை செய்யச் சொல்கிறார்களே! ஆனால் ஸ்டீவ் க்ராப்பர் உட்கார்ந்து செய்தார். அலைச் சத்தத்தையும் கடற்பறவைச் சத்தத்தையும் சேர்த்தார். (ரெக்கார்டிங்கின்போது ஓட்டிஸ் வேடிக்கையாகப் பறவை மாதிரிக் கத்திக் காட்டிய டேக் ஒன்று பிற்பாடு வெளிவந்தது. கேட்டால் சிரித்துவிட்டு அழுவீர்கள்.) கிடாரின் சின்னச் சின்ன பதில்களைச் சேர்த்தார். அந்த வேலை இல்லாதிருந்தால் அந்த நாட்களைத் தாண்டியிருப்பது இன்னும் கஷ்டம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நான் ஜாலியான பாட்டு என்று நினைத்த அந்த அலைச் சத்தம், நண்பனை இழந்த ஒருவர் சேர்த்தது.

ஸ்டாக்ஸின் இன்னொரு பாடகர் வில்லியம் பெல், புக்கர் டி ஜோன்ஸோடு சேர்ந்து ‘எ ட்ரிப்யூட் டு எ கிங்’ என்ற அஞ்சலிப் பாட்டை எழுதினார். ஓட்டிஸ் கண்டெடுத்து வளர்த்த ஆர்தர் கான்லி ‘ஓட்டிஸ் ஸ்லீப் ஆன்’ பாடினார். சாம் குக்குக்கு ஓட்டிஸ் செய்ததை ஓட்டிஸுக்கு மற்றவர்கள் செய்தார்கள்.

ரசிகர்கள்? அவர்கள் வாங்கினார்கள். 1968 மார்ச் 16 தேதியிட்ட பில்போர்டு பட்டியலில் ‘டாக் ஆஃப் த பே’ முதல் இடம். பாடியவர் இறந்தபிறகு அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் பாட்டு அது. நான்கு வாரம் அங்கேயே இருந்தது. உயிரோடு இருந்தபோது ஓட்டிஸுக்கு ஒரு முறைகூட அந்த இடம் கிடைக்கவில்லை. செத்தபிறகுதான் மதிக்கிறார்கள் என்று சலித்துக்கொள்வது சுலபம். ஆனால் கடைக்குப் போய் ஒரு இசைத்தட்டு வாங்குவதைத் தவிர, தூரத்தில் இருக்கிற ரசிகன் எப்படித்தான் சாவு வீட்டுக்குப் போவான்?

அந்த நான்கு வாரத்தின் கடைசியில் இன்னொரு இடி. துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவு கொடுக்க மெம்ஃபிஸுக்கு வந்திருந்த மார்ட்டின் லூதர் கிங், ஏப்ரல் 4 அன்று லொரெய்ன் மோட்டலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த மோட்டல் ஸ்டாக்ஸ் கலைஞர்களுக்கு இன்னொரு வீடு மாதிரி. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து உட்காரக்கூடிய இடம் ஊரில் அதிகம் இல்லை. க்ராப்பரும் எடி ஃபிளாய்டும் சேர்ந்து ‘நாக் ஆன் வுட்’ பாட்டை எழுதியது அங்கேதான். அப்படிப்பட்ட இடத்தில் அந்தக் கொலை. நாடு எரிந்த அந்த வாரம் அமெரிக்காவின் முதலிடப் பாட்டு, அதே மெம்ஃபிஸில் உருவான, இறந்துபோன ஒரு கறுப்பினப் பாடகரின் பாட்டு.

இரண்டு பேர் மிஞ்சினார்கள்

அதே 1968-இல் அட்லாண்டிக்கோடு உறவு முறிந்தபோது ஸ்டாக்ஸுக்கு இன்னொரு உண்மை தெரிந்தது. 1965-இல் ஜிம் ஸ்டூவர்ட் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின்படி, அட்லாண்டிக் விற்ற ஸ்டாக்ஸ் பாட்டுகளின் மூலப்பதிவுகள் எல்லாம் அட்லாண்டிக்குக்கே சொந்தம். ஓட்டிஸும் போனார், ஓட்டிஸின் குரலும் போனது. (கையெழுத்துப் போடும் முன் படியுங்கள் மக்களே!)

பார்-கேஸில் மிஞ்சியது இரண்டு பேர். ஏரியிலிருந்து பிழைத்த பென் காவ்லி, விமானத்தில் ஏறாத ஜேம்ஸ் அலெக்சாண்டர். நான்கு நண்பர்களை அடக்கம் செய்துவிட்டு, இருபதை ஒட்டிய வயதில் அவர்கள் அதே பெயரில் மறுபடியும் குழுவை ஆரம்பித்தார்கள். 1969-இல் ஐசக் ஹேய்ஸின் ‘ஹாட் பட்டர்டு சோல்’ வந்தது. நான்கே பாட்டுகள், அதில் ஒன்று 18 நிமிஷத்துக்கு மேல். சோல் இசையின் போக்கையே மாற்றிய அந்த ஆல்பத்துக்கு வாசித்தது புதிய பார்-கேஸ். 1972 ஆகஸ்ட் 20 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் லட்சம் பேருக்கு மேல் கூடிய ‘வாட்ஸ்டாக்ஸ்’ விழாவிலும் பார்-கேஸ் வாசித்தார்கள்.

ஜேம்ஸ் அலெக்சாண்டர் தன் மகனுக்கு ஃபேலன் என்று பெயர் வைத்தார். ஏரியில் இறந்த சாக்ஸபோன் நண்பனின் பெயர். அந்த மகன் பிற்காலத்தில் ‘ஜாஸி ஃபே’ என்ற பெயரில் ஹிப்-ஹாப் தயாரிப்பாளராகப் பிரபலமானார். கூடப் போன ஒரு பையனின் பெயர் இப்படி இசைத்தட்டுகளில் தொடர்ந்து வந்தது. பென் காவ்லி 2015-இல் இறந்தார். கடைசிக் காலம் வரை டிரம்பெட் வாசித்தார்.

ஸ்டாக்ஸ் நிறுவனம் 1975-இல் திவாலானது. அந்தப் பழைய தியேட்டர் 1989-இல் இடிக்கப்பட்டது. 2003-இல் அதே இடத்தில், அதே தோற்றத்தில், அருங்காட்சியகம் கட்டினார்கள். கூடவே அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு இசைப் பள்ளியும் இருக்கிறது. மேக்கனில் ஆற்றங்கரையில் ஓட்டிஸுக்குச் சிலை இருக்கிறது. மேடிசனில் மோனோனா ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு நினைவுப் பலகை இருக்கிறது.

எனக்குக் கிடைத்த விடை

நான் பிறக்கும் முன்பே போனவருக்காகத் துக்கம் கொண்டாட எனக்கு உரிமை உண்டா? உண்டு என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆனால் அந்த உரிமையோடு ஒரு கடமையும் வருகிறது. நட்சத்திரத்துக்காக மட்டும் அழுதுவிட்டு எழுந்து போகக்கூடாது. கூட இருந்தவர்களின் பெயரையும் சொல்ல வேண்டும். அழுததும், அவர்கள் எதற்காக வாழ்ந்தார்களோ அந்த சந்தோஷத்தையும் கொஞ்சம் கொண்டாட வேண்டும். ஓட்டிஸ் சாம் குக்குக்குச் செய்தது அதுதான். பென்னும் ஜேம்ஸும் நண்பர்களுக்குச் செய்ததும் அதுதான்.

டிசம்பர் 10 அன்று நான் கேட்கும் வரிசை இது. முதலில் சாம் குக்கின் ‘ஷேக்’. பிறகு ஓட்டிஸின் ‘ஷேக்’. அடுத்து பார்-கேஸின் ‘சோல் ஃபிங்கர்’, அதுவும் சத்தமாக. கார்லின் டிரம்ஸ், ஜிம்மியின் கிடார், ரானியின் ஆர்கன், ஃபேலனின் சாக்ஸபோன் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கவனித்து ஒரு முறை. அதற்குப் பிறகு ‘டாக் ஆஃப் த பே’.

கடைசியில் விசில் வரும்போது நானும் சேர்ந்து அடிப்பேன். பக்கத்து ரூம்காரர்கள் மன்னிக்கவும்.